கண்டியில ஒரு முழு நாள் கைல இருக்கு, பின்னவலயா மின்னேரியாவா? போயிட்டு வந்தவங்க சொல்லுங்கப்பா

பழங்காநத்தம்_பாண்டி:

எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஆகஸ்ட்ல குடும்பத்தோட இலங்க போறோம். நம்ம ஊர்லருந்தே கொழும்புக்கு ப்ளைட் இருக்கு, ஏறி உக்காந்து கண்ணசர்றதுக்குள்ள எறக்கி விட்டுருவாய்ங்கன்னு மச்சான் சொன்னான், அத நம்பித்தான் அப்பத்தாவயும் கூட்டிட்டுப் போறேன். கொழும்பு, நுவரெலியா எல்லாம் அவனே ப்ளான் போட்டுட்டான், நடுவுல கண்டியில ஒரு முழு நாள மட்டும் "நீங்களே பாத்துக்கங்க மாமா"ன்னு என் தலையில கட்டிட்டான். மறுநா காலைல நுவரெலியா கிளம்பணும், அதனால ராத்திரி எப்புடியும் கண்டி ரூமுக்கு வந்தாகணும்.

இப்ப வீட்டுல ஆளுக்கொரு பக்கம் இழுக்குறாங்க. மகளுக்கு அஞ்சு வயசு, யானப் பைத்தியம், மீனாட்சி கோயில் பார்வதியப் பாக்காட்டி அவளுக்கு வாரம் ஓடாது. மகனுக்கு பத்து வயசு, யூட்யூப்ல சிகிரியா மலையப் பாத்துட்டு மேல ஏறியே தீரணும்ங்குறான். அப்பத்தாக்கு எழுபத்திரண்டு ஆச்சு, நடப்பாங்க ஆனா மூட்டுவலி, அவங்களுக்கு வேண்டியது யான தும்பிக்கையால தலையில ஆசி, ஒரு கோயில், மத்தியானம் சூடா சோறு, அம்புட்டுதான். வீட்டம்மா என்னடான்னா "கட்டிப்போட்ட யானையப் பாக்க கடல் தாண்டிப் போகணுமா, அத இங்கயே பாத்துக்கலாமே"ன்னு ஒரே போடா போட்டுட்டா.

வேன் பேசிருக்கேன். அந்த ட்ரைவர் போன்ல, காலைல 6 மணிக்கு எடுத்தா பின்னவல யான இல்லம், தம்புள்ள குகை, சிகிரியா, சாயந்தரம் மின்னேரியா காட்டு யான சபாரி எல்லாத்தையும் முடிச்சு ராத்திரி கொண்டாந்து விட்டுருவேன்னு அடிச்சுச் சொல்றாரு. நெசமாவே முடியுமா? எத வைக்கலாம் எத விடலாம்? சாப்பாடு, டிக்கெட் விசயமும் தெரிஞ்சா சொல்லுங்க, அப்பத்தா சுத்த சைவம்.

விளாங்குடி அக்கா:

தம்பி, புள்ள யானப் பைத்தியம்னா பின்னவலதான், வேற யோசனையே வேணாம். கண்டியில இருந்து கொழும்பு ரோட்டுல கேகாலைக்கு கொஞ்சம் முன்னாடி உள்ள ஒதுங்கிப் போகணும், ஒரு மணி நேரம், ட்ராபிக் இருந்தா ஒன்றரை. 1975ல தாயில்லாத குட்டிய வச்சு வளக்க கவர்மெண்டு ஆரம்பிச்ச எடம், அதுக வளந்து குட்டி போட்டு இப்ப பெரிய கூட்டமே ஆயிருச்சு. 2021ல அங்க ஒரு யான ரெட்டக் குட்டி போட்டுச்சு, பேப்பர்ல எல்லாம் வந்துச்சே.

காலைல 10 மணிக்கு ஒருக்கா மத்தியானம் 2 மணிக்கு ஒருக்கா ஆத்துக்கு ஓட்டிட்டுப் போவாங்க. அதுதான் பாக்கணும். ரெண்டு பக்கமும் கட இருக்குற சின்ன ரோடு, கடைக்காரங்க எல்லாம் வெளிய வச்ச சாமான உள்ள இழுத்துப்பாங்க, அந்த நடுவுல வரிசையா யானைக நடந்து வந்து மகா ஓயாங்குற ஆத்துல எறங்கும். ஆத்தங்கரைல ஓட்டல் மாடி இருக்கு, டீ சொல்லிட்டு உக்காந்தா போதும், அப்பத்தா கால் வலிக்காம பாக்கலாம். குட்டிக தண்ணிக்குள்ள முங்கி தும்பிக்க நுனிய மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு கெடக்கும், எங்க வீட்டு சின்னது அத விட்டு நகரவே மாட்டேன்னுருச்சு.

ஆசிக்கு கீசிக்குன்னு பாகன்கிட்ட போனா காசு கேப்பாங்க, முன்னாடியே பேசிக்க. டிக்கெட்டுக்கு சார்க் நாட்டுக்காரங்களுக்கு (நாமளும் அதுல சேத்தி) தனி ரேட்டு, வெள்ளக்காரங்க ரேட்ட விட நல்லா கம்மி, பாஸ்போர்ட் ஒரிஜினல் கைல இருக்கணும். சிகிரியாலயும் அப்புடித்தான்.

ஒத்தக்கடை_மாப்ள:

பங்காளி, ஒங்க வீட்டம்மா சொல்றதுதான் கரெக்டு. அக்கா கோச்சுக்காதீங்க, பின்னவலைல அந்த ஆத்துப் பக்கம் மட்டும் பாத்தா அழகாத்தான் இருக்கும். கொஞ்சம் தள்ளிப் பாத்தா ஓரமா சங்கிலி போட்டு நிக்கிறதும் இருக்கு, பாகன் அங்குசத்த வச்சுக்கிட்டு டூரிஸ்ட்ட "வா வா போட்டோ"ன்னு கூப்புடுறதும் இருக்கு. காட்டுக்குத் திருப்பி அனுப்புறதுக்குன்னு இருக்க எடம் இல்ல அது, பொறந்ததும் அங்க, வளர்றதும் அங்க. நம்ம கோயில் யானைய நெனச்சே மனசு கஷ்டப்படுற ஆளுக்கு அங்க போயி சந்தோசமா நிக்க முடியாது.

நீங்க போறது ஆகஸ்ட்டு. ஆகஸ்ட்டுல இலங்கைல இருந்துக்கிட்டு மின்னேரியாவ விட்டா அப்பறம் எதுக்குப் போறீங்கன்னு கேப்பேன். மகாசேனன்னு ஒரு ராசா 3ஆம் நூற்றாண்டுல வெட்டுன பெரிய கண்மாய் அது. கோடையில வயலுக்குத் தண்ணி தொறந்துவிட தொறந்துவிட கண்மாய் உள்வாங்கும், காஞ்ச தரையில புதுப் புல்லு மொளைக்கும், சுத்துப்பட்டு காட்டுல எங்கயும் தண்ணி இருக்காது, அதனால எல்லா யானையும் அங்க வந்துரும். நல்ல வருசத்துல எரநூறு முந்நூறு வரைக்கும் ஒரே கரையில நிக்கும். ஆசியாவுல காட்டு யானைய இம்புட்டு மொத்தமா பாக்குறதுக்கு இதவிட்டா வேற எடம் கெடையாதுங்குற அளவுக்குச் சொல்லுவாய்ங்க.

நான் பாத்ததுல மனசுல நிக்கிறது கூட்டம் கூட இல்ல பங்காளி. ஜீப்புக்கு இருபது அடியில ஒரு பெரிய பொட்ட யான மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. புல்லு கட்ட புல்லு, தும்பிக்கைக்கு சிக்கல. முன்னங்கால் நகத்தால தரைய செதுக்குச்சு, வேரோட பேந்து வந்த புல்ல தும்பிக்கையால கூட்டிச் சேத்துச்சு, அப்பறம் அத அப்புடியே வாயில போடல, முன்னங்கால்ல ரெண்டு மூணு தட்டு தட்டி மண்ண உதுத்துட்டுத்தான் போட்டுச்சு. ஒவ்வொரு வாய்க்கும் இதே வேல. பக்கத்துல அதோட குட்டி அதேபோல செதுக்கப் பாத்து வெறும் மண்ணா அள்ளி தலையில போட்டுக்கிட்டு நிக்குது. டிரைவர் இஞ்சின அணைச்சுட்டாரு, புல்லு பிச்சுக்கிட்டு வர்ற சத்தம் தவிர ஒண்ணும் இல்ல. அந்த அர மணி நேரத்துக்கு நான் குடுத்த காசு சரியாப் போச்சு.

ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கங்க. மொரகஹகந்தன்னு 2018ல ஒரு அணை வந்துச்சு, அதுல இருந்து மின்னேரியாவுக்கு தண்ணி விட்டு கோடையிலயும் நெப்பி வச்சிருந்த வருசம் எல்லாம் புல்வெளி மூழ்கிப் போச்சு, யானைகளும் கலைஞ்சு வேற பக்கம் போயிருச்சு. அதனால ஹபரணைல போயி எறங்கி ஜீப்காரய்ங்ககிட்ட "இன்னைக்கு யான எங்க?"ன்னு கேளுங்க. மின்னேரியா, கவுடுல்ல, ஹுருலு மூணும் பக்கத்துப் பக்கத்துலதான், அன்னைக்கு யான எங்க இருக்கோ அங்க கூட்டிட்டுப் போவாய்ங்க. மின்னேரியாதான் வேணும்னு அடம் புடிச்சா மின்னேரியாவ மட்டும் பாத்துட்டு வரவேண்டியதுதான்.

தந்தம் எங்கன்னு ஒங்க மகன் கேப்பான். அங்க ஆண் யானைல நூத்துக்கு ஏழெட்டுக்குத்தான் தந்தம் இருக்கும், மத்ததெல்லாம் மக்னா. முதுமல, டாப்ஸ்லிப்ல பாத்துப் பழகுன நமக்கு அது வித்தியாசமா தெரியும்.

விளாங்குடி அக்கா:

தம்பி ஒத்தக்கடை, நீ சொல்றது நாயம்தான், நான் இல்லங்கல. ஆனா அஞ்சு வயசுப் புள்ளைக்கு ஜீப்புல மூணு மணி நேரம் குலுங்கிப் போயி தூரத்துல கருப்பா தெரியிறத காட்டி "அதான் யான"ன்னா ஒத்துக்குமா? அதுக்கு பக்கத்துல பாக்கணும். அந்த எழுபத்திரண்டு வயசு அம்மாவுக்கு ஆசிய யாரு குடுப்பா, காட்டு யானையா?

ஒத்தக்கடை_மாப்ள:

ஆகஸ்ட்டுல தூரத்துல இருக்காதுக்கா. சொல்லப்போனா ஜீப்புதான் ரொம்பப் பக்கத்துல போகுது, அதான் அங்க பிரச்சனையே. ஒரு யானைய ஏழெட்டு ஜீப்பு சுத்தி வளைச்சு நிக்கும். காத ரெண்டும் அகலமா விரிச்சு, முன்னங்கால ஆட்டிக்கிட்டு, மண்ண வாரி நம்ம பக்கம் வீசுச்சுன்னா "போங்கடா"ன்னு அர்த்தம். நம்ம டிரைவர் காசுக்கு ஆசப்பட்டு இன்னும் நெருக்குனா நாமதான் "போதும்ணே, இங்கயே நிப்பாட்டுங்க"ன்னு சொல்லணும். எங்க ஜீப்காரர் தமிழ் நல்லா பேசுனாரு, சொன்னதும் கேட்டுக்கிட்டாரு.

பக்கத்துலயும் பாக்கணும் அதே நேரம் பாவமும் இருக்கக்கூடாதுன்னா உடவளவ போகணும். 1995ல ஆரம்பிச்ச அனாத யானக்குட்டி இல்லம் ஒண்ணு அங்க இருக்கு. மணி அடிச்சாப்புல கதவத் தொறந்து விடுவாய்ங்க, குட்டிக ஓடியாந்து குழாயில பால் குடிச்சுட்டு ஓடிரும், மேடையில உக்காந்து பாக்குறதோட சரி, தொட விடமாட்டாய்ங்க, ஏன்னா வளந்ததும் காட்டுல விட்டுர்ற குட்டிக அதுக. ஆனா கண்டியில இருந்து அது ரொம்பத் தெக்க, ஒரே நாள்ல ஆகாது. நுவரெலியாவுல இருந்து தெக்க எறங்குற மாதிரி ஒங்க மச்சான் ப்ளான் இருந்தா கேட்டுப் பாருங்க.

ஜில்ஜில்_ஜிகர்தண்டா:

எல்லாரும் யானையவே பேசுறீங்க, கொரங்க மறந்துட்டீங்களே. 2025 பிப்ரவரில ஒரே ஒரு கொரங்கு பாணந்துறை சப் ஸ்டேஷனுக்குள்ள பூந்து ட்ரான்ஸ்பார்மர்ல கை வச்சு இலங்க பூராவும் கரண்ட் போச்சு, அந்த நாட்டு மந்திரியே சொன்னாரு. அனுமாரு வால்ல தீ வச்சதுக்கு அப்பறம் அந்த ஊர்ல கொரங்கு பண்ண பெரிய சம்பவம் இதான். பவர் பேங்க் எடுத்துட்டுப் போங்கண்ணே.

பழங்காநத்தம்_பாண்டி:

ஹாஹா. அப்பத்தாகிட்ட படிச்சுக் காட்டுனேன், "அது சும்மா இருந்துருக்கும், இவிங்க எதாச்சும் சீண்டிருப்பாய்ங்க"ன்னுருச்சு.

அப்ப மின்னேரியா பக்கம் மனசு சாயுது. சிகிரியாவும் அதே பக்கம்தான? ரெண்டையும் சேத்து அடிச்சுரலாமா? அப்பத்தாவ என்ன பண்றதுன்னுதான் தெரியல.

தேயிலைக்காட்டுப் பொண்ணு:

தம்பி, நான் பொறந்தது கண்டி பக்கம் ஒரு எஸ்டேட்ல. எஸ்டேட் சனங்கள இந்தியாவுக்கு அனுப்புன 1964 ஒப்பந்தத்துல பேர் குடுத்த குடும்பம் நாங்க, சின்னப் புள்ளையா இருக்கப்ப தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்தோம், இப்ப வில்லாபுரத்துல இருக்கேன். சித்தி மக்க எல்லாம் இன்னும் அங்கதான், அதனால போயி வந்துட்டுத்தான் இருக்கேன். வேன்காரர் சொன்ன லிஸ்ட்ட மொதல்ல கிழிச்சுப் போடுங்க. பின்னவல கண்டிக்கு மேற்க, சிகிரியா வடக்க. நாலு எடத்துலயும் கால வைக்கலாம், எதையும் பாக்க முடியாது, புள்ளைக ரெண்டும் வேன்ல வாந்தி எடுத்துக்கிட்டு வரும், அந்த ரோட்டு வளைவு அப்புடி.

ஆகஸ்ட்டுன்னு சொன்னீங்களே, மொதல்ல தேதியப் பாருங்க. எசல பெரஹரான்னு கண்டியோட பெரிய திருவிழா ஊர்வலம் அந்த நேரத்துலதான் வரும். கும்பல் பெரஹரா அஞ்சு ராத்திரி, ரந்தோலி அஞ்சு ராத்திரி, பௌர்ணமியில முடியும். வெளக்கு ஜோடிச்ச யானைக வரிசையா போகும், தலதா மாளிகைன்னா புத்தர் பல்ல வச்சிருக்க கோயில், அந்த மாளிகை யான மேல பேழைய வச்சுக் கொண்டு போவாங்க. ஒங்க நாளு அதுல மாட்டுச்சுன்னா ஊருக்குள்ள மத்தியானமே ரோட்ட அடைச்சுருவாங்க, சபாரி போயிட்டு ராத்திரி வேன்ல ரூமுக்கு வர்றது பெரும்பாடு. அப்புடின்னா எங்கயும் போகாதீங்க, கண்டியிலயே இருந்து அத பாருங்க.

பெரஹரா இல்லாத நாள்னா அப்பத்தாவுக்கு ஒரு விசயம் சொல்லுங்க. தலதா மாளிகைக்கு எதிர்ப்பக்கமே பத்தினி தேவாலயம் இருக்கு. பத்தினின்னா நம்ம கண்ணகிதான். மதுரைய எரிச்ச மகராசிய அங்க சிங்களவங்க கும்புடுறாங்க, அம்ம நோய் வந்தா, கைப்புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னா அங்கதான் நேந்துக்குவாங்க. பெரஹராவுலயும் பத்தினி தேவாலயத்து ஊர்வலம் தனியா வரும். நான் மதுரையில இருந்து வர்றேன்னு ஒருக்கா அங்க பூ விக்கிற அம்மாகிட்ட சொன்னேன், ஒரு மாதிரி பாத்துட்டு ரெண்டு தாமர கூடக் குடுத்தாங்க.

மாளிகைல காலைல அஞ்சரைக்கு ஒரு பூச, ஒம்பதரைக்கு ஒண்ணு, சாயந்தரம் ஆறரைக்கு ஒண்ணு. தோளும் முட்டியும் மூடுன துணி வேணும், மகனுக்கு அர ட்ரவுசர் போட்டுக் கூட்டிட்டுப் போகாதீங்க. ராஜான்னு ஒரு கொம்பன் யான பல வருசம் அந்தப் பேழைய சொமந்துச்சு, 1988ல செத்துப் போச்சு, அத பாடம் பண்ணி அங்கயே ஒரு கட்டடத்துல வச்சிருக்காங்க. ஒங்க மக அத பாத்தா அழுவாளா ரசிப்பாளான்னு நீங்கதான் முடிவு பண்ணணும், எங்க அக்கா பேத்தி "ஏன் கண்ணு சிமிட்டல"ன்னு கேட்டுக்கிட்டே நின்னா.

மிருகம் பாக்க கண்டிய விட்டு வெளிய போகணும்னே இல்ல தம்பி. ஏரிக்கரைய சுத்தி நடந்தா ஆள் நீளத்துக்கு நீர் உடும்பு கல்லு மேல வெயில் காயும், கிட்ட போனா அலட்டிக்காம தண்ணிக்குள்ள எறங்கும், நீச்சல் அடிக்கிறப்ப வால் மட்டும் தனியா நெளியும். பேராதனை பூங்கா போனீங்கன்னா மரம் மரமா பழந்தின்னி வௌவால் தொங்கும், ஆயிரக்கணக்குல. பகல்ல தூங்கும்னு சொல்றது எல்லாம் பொய், வெயில் ஏற ஏற ஒரு றெக்கைய மட்டும் விரிச்சு தனக்குத்தானே விசிறிக்கும், பக்கத்துல இருக்கது இடிச்சா கீச்சுகீச்சுன்னு சண்ட, ஒரே எரைச்சல். கீழ நிக்கிறப்ப அண்ணாந்து வாயத் தொறந்துக்கிட்டு நிக்காதீங்க, அவ்வளவுதான் சொல்லுவேன். அப்பத்தாவ பூங்காவுல பாதி தூரம் சக்கர வண்டியிலயே கொண்டு போகலாம், வழி எல்லாம் மட்டமா இருக்கும்.

மாளிகைக்குப் பின்னாடி இருக்க உடவத்தகெலெ காடும் நல்லாருக்கும், ஆனா மழ பேஞ்சிருந்தா அட்ட ஏறும், புள்ளைகளோட வேணாம்.

திருநகர் தாத்தா:

நல்ல திரி. கண்டி போறவங்க மதுரைக்காரங்க என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன், பையனுக்குச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள், சும்மா கட்டடமாகப் பார்க்க மாட்டான்.

கண்டியின் கடைசி நாலு ராஜாக்களும் நாயக்கர்கள். அங்கே நரேந்திரசிங்கன் என்ற அரசன் மதுரையில் இருந்து பெண் எடுத்தான், வாரிசு இல்லாமல் 1739ல் இறந்து போனான், ராணியின் தம்பி பட்டத்துக்கு வந்தார். இங்கே மீனாட்சி ராணியோடு மதுரை நாயக்கர் ஆட்சி முடிந்ததும் அதே 1730களில்தான், இங்கே முடிந்தது அங்கே தொடங்கியது. பிறகு வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில்தான் 1753ல் சயாமில் இருந்து பிக்குகளை வரவழைத்து அங்கே பௌத்த சங்கத்தையே மறுபடி நிமிர்த்தினார்கள். இப்போது பெரஹராவில் புனிதப் பல்லின் பேழை முன்னால் போகிறதே, அந்த ஏற்பாடும் அவர் செய்ததுதான். கண்டி ஏரி, அம்மணி சொன்ன உடும்பு வெயில் காயும் அதே ஏரி, கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டியது. 1815ல் வெள்ளைக்காரன் அவரைப் பிடித்து வேலூர்க் கோட்டையில் வைத்தான், 1832ல் அங்கேயே காலமானார். வேலூரில் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று அவர் சமாதி இருக்கிறது.

சிகிரியா பற்றி: 1200 படி. காசியப்பன் 5ஆம் நூற்றாண்டில் கட்டியது. மூட்டுவலிக்காரர்களுக்கு ஆகவே ஆகாது, பாதியில் சுழல் ஏணி வேறு. பையனையும் அப்பாவையும் மட்டும் ஏற விட்டு மற்றவர்கள் கீழே காத்திருந்தால் மூன்று மணி நேரம் போய்விடும், அப்புறம் சபாரி இல்லை. இரண்டில் ஒன்றுதான்.

ஒத்தக்கடை_மாப்ள:

தாத்தா சொல்றது ரைட்டு. இன்னொண்ணு, சிகிரியாவுல கொளவி தொல்ல உண்டு, சத்தம் போடாதீங்கன்னு போர்டே வச்சிருக்காய்ங்க, கிளப்பி விட்டா ஒதுங்கிக்க கம்பி வல அடிச்ச கூண்டு இருக்கு. பத்து வயசுப் பய கத்தாம ஏறுவானா?

பழங்காநத்தம்_பாண்டி:

அவனா, தூக்கத்துலயே கத்துவான்.

சரி, தேதி பாத்தாச்சு, நாங்க கண்டியில இருக்க நாளு பெரஹரா முடிஞ்சப்பறம்தான் வருது. வீட்டுல பஞ்சாயத்து வச்சு சிகிரியாவ தூக்கியாச்சு, பய மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான். பின்னவலையும் இல்ல, அக்கா மன்னிக்கணும், வீட்டம்மா ஓட்டு ரெண்டு ஓட்டுக்குச் சமம். மின்னேரியாதான். ஆனா கண்டியில இருந்து ஹபரண வரைக்கும் சும்மா வேன்லயே உக்காந்து போறதுக்கு பதிலா நடுவுல அப்பத்தாவுக்கும் பயலுக்கும் எதாச்சும் இருக்கா?

தேயிலைக்காட்டுப் பொண்ணு:

நெறைய இருக்கு தம்பி. கண்டி விட்டதும் மாத்தளை வரும், ரோட்டு மேலயே முத்துமாரியம்மன் கோயில், பெரிய கோபுரம், அப்பத்தா அங்க சாமி கும்புட்டுறட்டும். எங்க சனங்க கட்டிக் காத்த கோயில் அது, மாசி மகத்துக்கு தேரோட்டம் பாக்கணும் நீங்க. மாத்தளை தாண்டுனா வரிசையா மசாலா தோட்டம்னு போர்டு வரும், வேன்காரர் "சும்மா அஞ்சு நிமிசம்"னு உள்ள திருப்புவாரு, சுத்திக் காட்டி முடிச்சு தலைவலி தைலத்த தலையில கட்டாம விடமாட்டாங்க, வேணாம்னு மொதல்லயே சொல்லிருங்க. அதுக்கு மேல நாலந்தா கெடிகேன்னு ஒரு சின்ன கல்லு கோயில், பௌத்தருது, ஆனா பாத்தா நம்ம பல்லவர் கோயில் கட்டுன கை தெரியும். அணை கட்டுறப்ப தண்ணிக்குள்ள போயிரும்னு கல்லு கல்லா பிரிச்சு மேட்டுல திரும்பக் கட்டி வச்சது. கூட்டமே இருக்காது, மரத்தடி நெழல் இருக்கு.

அப்பறம் தம்புள்ள குகை. பயலுக்கு இது சிகிரியாவுக்கு ஈடு கட்டிரும். ஏறணும்தான், ஆனா சிகிரியா அளவுக்கு இல்ல. அஞ்சு குகை, மொதல் குகையில பாறையில செதுக்குன படுத்த புத்தர் ஒரு குகைக்கே நீளமா இருப்பாரு, சுவரு விதானம் எல்லாம் ஓவியம். செருப்ப வெளிய விட்டுட்டுத்தான் போகணும், உச்சி வெயில்ல பாறை சுடும், சாக்ஸ் போட்டு விடுங்க. அப்பத்தாவும் ஒங்க வீட்டம்மாவும் கீழயே இருக்கட்டும்.

ஜில்ஜில் சொன்ன கொரங்கு இங்கதான் இருக்கு. செம்பட்டையா, சின்னதா, உச்சியில இருந்து முடி சுத்தியும் பிரிஞ்சு தொப்பி மாட்டுனாப்புல இருக்கும். கைல ஒண்ணும் தெரியக்கூடாது. தாமர விக்கிறவங்ககிட்ட பூ வாங்கிட்டுப் போனா படிக்கட்டு பாதியில வந்து புடுங்கி, இதழ உரிச்சு எறிஞ்சுட்டு நடுவுல இருக்க பச்சக் காய மட்டும் கடிச்சுத் தின்னும். அழகர் கோயில் கொரங்குகிட்ட தேங்கா மூடிய காப்பாத்தத் தெரிஞ்ச ஆளுக்கு இது பெரிய விசயம் இல்ல.

சைவம்னா ஒரு விசயம் சூதானமா இருக்கணும். அங்க தேங்கா சம்பல்ல மாசிக் கருவாட்டுத்தூள் போடுவாங்க, பருப்புல கூட செல எடத்துல போடுவாங்க, சைவம்னு கேட்டா "மீன் இல்ல"ன்னு நெசமாவே நம்பிச் சொல்லுவாங்க. "மாசி போடாம இருக்கா"ன்னு தனியாக் கேளுங்க. மாத்தளைல தமிழ் சைவக் கட இருக்கு, காலைப் பலகாரம் அங்க முடிச்சுருங்க, மத்தியானத்துக்கு அப்பத்தாவுக்கு மட்டும் புளிச்சோறு கட்டி எடுத்துட்டுப் போனா நிம்மதி.

பழங்காநத்தம்_பாண்டி:

புளிச்சோறா, அப்பத்தா ப்ளைட்டுலயே கொண்டாரேன்னு நிக்குது. ரொம்ப நன்றிக்கா. அப்ப ஆறரைக்கு கிளம்பி மாத்தளை, நாலந்தா, தம்புள்ள, ரெண்டரைக்கு ஹபரணைல ஜீப்பு. சரியா வருமா? பைனாக்குலர் வாங்கணுமா?

ஒத்தக்கடை_மாப்ள:

வரும். ஜீப்பு ரெண்டரைல இருந்து மூணுக்குள்ள உள்ள போயிரணும், நாலு மணிக்கு மேலதான் யானைக காட்டுக்குள்ள இருந்து திறந்த வெளிக்கு வரும், ஆறு மணிக்கு பார்க் கேட்ட பூட்டிருவாய்ங்க. கண்டி திரும்ப ஒம்பது ஒம்பதர ஆயிரும்.

பைனாக்குலர் யானைக்குத் தேவ இல்ல, பறவைக்கு வேணும், கண்மாய் கரையில நார, கூழக்கடா எல்லாம் நெறைய நிக்கும். புதுசா வாங்காதீங்க, என்கிட்ட ஒண்ணு இருக்கு. அரிட்டாபட்டிய 2022ல பல்லுயிர்த் தலமா அறிவிச்சப்பறம் அங்க ராசாளி பாக்கப் போறதுக்குன்னே வாங்குனது, ஒத்தக்கடை பக்கம் வந்தா வாங்கிட்டுப் போங்க, மெசேஜ் பண்ணுங்க.

முக்கியமா ஒண்ணு. ஹபரண ரோட்டுல இருட்டுனப்பறம் காட்டு யான தானா ரோட்டுக்கு வரும். டிரைவர் வண்டிய நிப்பாட்டி பழம் குடுங்க, போட்டோ எடுங்கன்னா எறங்காதீங்க. பழம் போட்டுப் போட்டு பழக்கி விட்டதுல இப்ப செல யானைக வண்டி மறிக்குது. அந்தப் பக்கம் யானைக்கு ரயிலுமே எமன், 2025ல ஹபரண கிட்ட ரயில் மோதி ஒரு கூட்டமே அடிபட்டுச்சு, ஆறு யான போச்சு. அதுகளுக்கு ராத்திரிதான் நடமாட்டம், நாமதான் ஒதுங்கி வரணும்.

விளாங்குடி அக்கா:

எனக்கு கோவம் எல்லாம் இல்ல தம்பி, போயிட்டு வாங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன், அந்தப் பக்கம் நான் போனதில்லைனாலும் ஜீப்புல போயிருக்கேன். புழுதி கண்ணுல மூக்குல எல்லாம் ஏறும், ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கங்க. அப்பத்தா ஆசி கேட்டா யான கூட்டத்தப் பாத்து இருந்த எடத்துலயே கைய எடுத்துக் கும்புடச் சொல்லு, அதுக்கு காசும் கேக்க மாட்டாங்க.

ஒத்தக்கடை_மாப்ள:

அது சரிக்கா. பங்காளி, அப்பத்தாவ ஜீப்புல பின்னாடி மேல் சீட்டுல ஏத்தாதீங்க, தூக்கித் தூக்கிப் போடும், மூட்டு தாங்காது. டிரைவர் பக்கத்து சீட்ட அவங்களுக்குன்னு பேசும்போதே சொல்லி வைங்க, இல்லாட்டி அந்த சீட்டுல கைடுன்னு ஒருத்தன் வந்து உக்காந்துருவான்.